காலும் கல்லாவும்

நமது கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. இரவில் விளக்கு எரியும் பலகை. 18,000 ரூபாய் கொடுத்து மாட்டியது. தந்தையார் காலத்தில் குலதெய்வத்தின் பெயரால் ஆரம்பித்த கடை என்பதால் பெயரிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "நொண்டி அண்ணாச்சி கடை" என்று கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் பருப்பு ஏற்றிக்கொண்டு வந்த புதிய லாரி ஓட்டுநர் ஒருவர் நம்மிடமே வந்து, "அண்ணாச்சி, இங்கே நொண்டி அண்ணாச்சி கடை எது?" என்றார். கல்லா மேசை நம் கால்களை மறைத்திருந்தது. "இதுதான் தம்பி. அண்ணாச்சி இப்போ உட்கார்ந்திருக்கார். எழுந்திருச்சாத்தான் அடையாளம் தெரியும்" என்றோம். மனிதர் சரக்கு இறக்கி முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை நம் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இதழுக்கு எழுதும்படி கேட்ட நண்பர், "அனுபவத்தை எழுதுங்கள். படிப்பவர்களை அழ வைத்துவிடாதீர்கள்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். அது நமக்கும் சம்மதம். 'நாம்' என்று எழுதுவது நம் சங்க இதழின் வழக்கம். அது நமக்குப் பொருந்தியும் வருகிறது: நாமும் நம் ஊன்றுகோலுமாகச் சேர்ந்துதானே நாற்பது ஆண்டுகளாக வியாபாரம் செய்கிறோம்!

நமக்குக் கால் போனது 1964ஆம் ஆண்டு, இரண்டாவது வயதில். இரண்டு நாள் காய்ச்சல். ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் தொட்டிலில் இருந்து இறக்கிவிட்டபோது வலது கால் நிற்கவில்லை. இளம்பிள்ளை வாதம். அமெரிக்காவில் 1955லேயே தடுப்பூசி வந்துவிட்டது. நம் ஊருக்கு அது வந்து சேரவில்லை. இந்தக் கிருமி உடலில் புகுந்த குழந்தைகளில் 200ல் ஒன்றுக்குத்தான் கை கால் முடங்கும் என்கிறார்கள். மற்றவை ஒரு சளி காய்ச்சலோடு தப்பித்துவிடும். குலுக்கல் சீட்டில் நமக்கு விழுந்த ஒரே பரிசு அதுதான். அதன்பிறகு எந்தச் சீட்டும் விழுந்ததில்லை.

காய்ச்சல் நேரத்தில் தசையில் போடும் ஊசி இந்த முடக்கத்தைத் தூண்டிவிடக் கூடும் என்று மருத்துவர்களே சொல்வதுண்டு. யாரும் தெரிந்து செய்த தவறல்ல. அந்நாளில் காய்ச்சல் என்றால் ஊசி. ஆனால் அம்மா தம் கடைசிக் காலம்வரை, "அன்னைக்கு மட்டும் உன்னைத் தூக்கிட்டு ஊசி போடப் போகாம இருந்திருந்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாம் எத்தனையோ வேடிக்கை சொல்லிப் பலரைச் சிரிக்க வைத்திருக்கிறோம். அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் பதில் வேடிக்கை கிடைத்ததே இல்லை.

பலர் நினைப்பதுபோல் இந்தக் கால் மரத்துப்போன கால் அல்ல. கிருமி கெடுப்பது முதுகுத்தண்டில் இருந்து தசைக்கு உத்தரவு அனுப்பும் நரம்புகளை மட்டுமே. உணர்ச்சி அப்படியே இருக்கும். எறும்பு கடித்தால் சுருக்கென்று தெரியும். காலை உதறத்தான் முடியாது. கடையில் கொள்முதல் நின்று போய், பாக்கி கேட்டு வரும் தபால் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடைத் தசைக்குப் பலம் இல்லாததால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் வலது கையால் தொடையை அழுத்திக்கொள்ள வேண்டும். மளிகைக் கடைக்காரன் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள்தூளைத் தொட்ட கை, மிளகாய்த்தூளைத் தொட்ட கை, புளியைப் பிரித்த கை, எல்லாம் வெள்ளை வேட்டியில் ஐந்து விரலாகப் பதியும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வீட்டம்மா வேட்டியைப் பார்த்தே, "இன்னைக்கு மல்லிதான் நல்லா ஓடியிருக்கு போல" என்பார். சரக்கு இருப்புப் பேரேடுகூட அவ்வளவு துல்லியம் கிடையாது. பிறகு காலிப்பர் போட்டுக்கொண்டோம். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல்வார், முழங்காலில் ஒரு பூட்டு. நிற்கும்போது பூட்ட வேண்டும், உட்காரும்போது திறக்க வேண்டும். அந்த 'டக்' சத்தம் கேட்டால் கடைப் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஒரு முதலாளிக்கு இதைவிட நல்ல மணி வேறு எது?

பூட்டு சில சமயம் ஏமாற்றிவிடும். அப்போது விழுவோம். விழுவதிலும் அனுபவம் வேண்டும். துவரம்பருப்பு மூட்டை மேல் விழலாம். கொஞ்சம் இடம் கொடுக்கும். கல்லுப்பு மூட்டை மேல் விழவே கூடாது. தேங்காய் மூட்டை அதைவிட மோசம். மிளகாய் வற்றல் மூட்டை பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் எழுந்தபிறகு அரை மணி நேரம் தும்மல். கால் இடறிய அந்த அரை நொடியில் எந்தப் பக்கம் என்ன சரக்கு இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டுவிடும். அதனால்தான் நம்மைக் கேட்காமல் மூட்டையை இடம் மாற்றக்கூடாது என்பது கடையில் சட்டம்.

செருப்பு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வாதம் வந்த கால் கூடவே வளராது. நம் இடது கால் எட்டாம் எண், வலது கால் ஆறு. ஜோடியைப் பிரித்து விற்பதில்லை என்பது செருப்புக் கடைகளின் சாத்திரம், நியாயமான சாத்திரம்தான். எனவே ஒவ்வொரு முறையும் இரண்டு ஜோடி வாங்கி, இரண்டு ஒற்றைச் செருப்பைப் பரணில் போடுவோம். பதினைந்து ஆண்டுகளில் பரண் நிறைந்தது. இதைப் பார்த்துக்கொண்டே இருந்த நம் ஊர்ச் செருப்புக்கடை முதலாளி ஒருநாள், "அண்ணாச்சி, பக்கத்து ஊர்ல ஒரு வாத்தியார் இருக்கார். அவருக்கு இடது கால் ஆறு, வலது கால் எட்டு" என்றார். பெண் பார்க்கப் போனபோதுகூட நமக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அன்றிலிருந்து நாமும் வாத்தியாருமாகச் சேர்ந்து இரண்டு ஜோடி வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். ஒரே சங்கடம், அவருக்குக் கறுப்பு பிடிக்கும், நமக்குப் பழுப்பு. ஒரு வருடம் அவர் விருப்பம், ஒரு வருடம் நம் விருப்பம். அந்த முதலாளி தம் வாடிக்கையாளரின் காலைப் பார்த்தே ஒரு வியாபாரத்தையும் ஒரு சிநேகத்தையும் சேர்த்துவிட்டார். அதே முதலாளிக்கு அதன்பின் நம்மிடம் விற்பனை பாதியாகக் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வசூல் என்று வந்தால் கால் இல்லாதவனுக்குக் கஷ்டம்தான். ஊரில் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் நமக்கு எட்டு மாதப் பாக்கி வைத்திருந்தார். ஆள் போனால், "மாடியில் இருக்கிறார்" என்று பதில் வரும். நம்மால் மாடி ஏற முடியாது என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் நாமே போனோம். மாடிப்படியின் கீழே, தெருவைப் பார்த்து ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டோம். போவோர் வருவோர் எல்லாரும், "என்ன அண்ணாச்சி, இங்கே உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விவரம் சொன்னோம். பதினோரு மணிக்கு உட்கார்ந்தோம். ஒன்றரைக்குப் பாக்கி முழுதும் கீழே இறங்கி வந்துவிட்டது.

எல்லாமே இப்படி நமக்குச் சாதகமாக முடிந்ததாக நினைக்க வேண்டாம். திருச்செந்தூரில் வீட்டார் தரிசனத்துக்குப் போயிருக்க, ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே ஒரு படியில் உட்கார்ந்திருந்தோம். கும்பிட்டுவிட்டு வந்த ஒருவர் நம் துண்டில் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டார். அன்று காலைதான் வங்கியில் இரண்டு லட்சம் கட்டிவிட்டு வந்திருந்தோம். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க எழுவதற்குள் அவர் கூட்டத்தில் மறைந்துவிட்டார். கடைக்கு வந்ததும் 'திருச்செந்தூர் வரவு ரூ. 5' என்று சிட்டையில் எழுதினோம். தம்பி படித்துவிட்டுச் சிரித்தான். நாமும் சிரித்தோம். ஆனாலும் அந்த நாணயத்தைச் செலவழிக்க மனம் வரவில்லை. இன்றும் கல்லாப்பெட்டியின் மூலையில் கிடக்கிறது.

பாராட்டும் சில சமயம் அடிபோல விழும். ஒரு விழாவுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். ஐந்தடி உயர மேடை. கைப்பிடி இல்லாத பலகைப் படிகள். "தன்னம்பிக்கையின் சிகரம் அண்ணாச்சி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று ஒலிபெருக்கியில் முழக்கம். சிகரம் கீழேயே நின்றது. கடைசியில் இரண்டு இளைஞர்கள் சப்பரம் தூக்குவதுபோல் நம்மைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசாகப் பாய்ந்து ஓடும் குதிரைச் சிலை ஒன்று கொடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவர் யாரோ தெரியாது, நல்ல ரசிகர்.

நம்மைப்போல் உள்ளவர்களுக்கு அப்பா வைத்த கடை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 1990களில் எஸ்.டி.டி. பூத் வந்தபோதுதான் பலருக்குப் பிழைப்பு வந்தது. தொலைபேசித் துறை ஊனமுற்றோருக்கு முன்னுரிமை கொடுத்துப் பூத் ஒதுக்கியது. உட்கார்ந்த இடத்தில் வியாபாரம், மீட்டர் சொல்லும் காசு, கடன் பேச்சே கிடையாது. பேருந்து நிலையத்தில் பூத் வைத்திருந்த நம் நண்பர் அதில் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார். கைப்பேசி வந்தது, பூத் போயிற்று. பிறகு ஜெராக்ஸ், பிறகு ரீசார்ஜ் என்று மாறி மாறிப் பார்த்தார். சரக்கு மாறிக்கொண்டே போனால் கால் உள்ளவனுக்கே மூச்சு வாங்குகிறது. அவர் இப்போது ஆவின் பாலகம் நடத்துகிறார். "பால் மட்டும் கம்பியில்லாமல் வராது அண்ணாச்சி" என்பது அவர் நம்பிக்கை.

பார்வையில்லாத இன்னொருவர் நம் தெருவில் ஊதுபத்தியும் கற்பூரமும் விற்கிறார். 2016 நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்றபின் வந்த புதிய தாள்கள் அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டன. 200 ரூபாய்த் தாளுக்கும் 500 ரூபாய்த் தாளுக்கும் உயரம் ஒன்றே. நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஓரத்தில் தடவிப் பார்க்கக் கோடுகள் உண்டு, ஆனால் தாள் கசங்கினால் அவையும் தேய்ந்துவிடும். இப்போது கைப்பேசிப் பணம் வந்ததும் தெளிந்துவிட்டார். பணம் ஏறியதும் தொகையைத் தமிழில் சத்தமாகச் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்றைத் தோளில் தொங்கவிட்டிருக்கிறார். "அது பேசின பிறகுதான் நான் பேசுவேன்" என்கிறார்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ஐம்பத்தெட்டு வயதில் நம் இடது கால், அதாவது நல்ல கால், தளர ஆரம்பித்தது. வயது என்று நினைத்தோம். மருத்துவர் வேறு சொன்னார். வாதம் வந்த பலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து இப்படிப் புதிய பலவீனம் வருமாம். அன்று பிழைத்த நரம்புகள், செத்துப்போன நரம்புகளின் வேலையையும் சேர்த்துச் செய்து வந்திருக்கின்றன. பத்து ஆள் தூக்க வேண்டிய சுமையை நான்கு ஆள் ஐம்பது ஆண்டு தூக்கினால் என்ன ஆகும்? நான்கு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். உடற்பயிற்சி செய்து மீட்டுவிடலாம் என்று பார்த்தால், அளவுக்கு மீறிச் செய்தால் இன்னும் கெடுமாம். இருக்கும் பலத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்றார். வியாபாரிக்குப் புரியும் பாஷை. சக்கர நாற்காலி வாங்கினோம்.

வீட்டில் நாற்காலி ஓடியது. கடை வாசலில் நின்றுவிட்டது. தந்தையார் மழைத் தண்ணீருக்குப் பயந்து மூன்று படி வைத்துக் கட்டியிருந்தார். ஒவ்வொன்றும் 7 அங்குலம். நாற்பது ஆண்டில் சாலை மேல் சாலை போட்டதில் ஒரு படி மண்ணுக்குள் போய்விட்டது. அந்தக் கணக்குப்படி இன்னும் எண்பது ஆண்டு பொறுத்திருந்தால் செலவில்லாமல் வாசலும் சாலையும் சமமாகிவிடும். நமக்குத்தான் அவசரம்.

தம்பி வேறு யோசனை சொன்னான். "அண்ணே, வீட்டிலேயே இருங்க. மாசா மாசம் பங்கு வந்துரும். கேமரா மாட்டித் தர்றேன், செல்போன்லயே கடையைப் பாருங்க." அவன் மனதில் கள்ளம் இல்லை. மூன்று வாரம் அப்படியும் இருந்து பார்த்தோம். கேமராவில் பார்ப்பதும், "அந்த வெல்லத்தை வெயில்ல வைக்காதே" என்று போனில் கத்துவதுமாக நாள் போயிற்று. வீட்டம்மா தம்பியைக் கூப்பிட்டு, "எப்படியாவது இவரைக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றே சொல்லிவிட்டார். வாடிக்கையாளர்கள் தம்பியிடம், "பெரியவர் எப்படி இருக்கார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பதும் கேமராவில் தெரிந்தது. நாலாவது வாரம் ஒருநாள் காலையில் பார்த்தால், கல்லாவில் நாம் உட்காரும் நாற்காலி மேல் சோப்பு அட்டைப்பெட்டி இரண்டை அடுக்கியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. காலி இடம் கண்டால் சரக்கு வைப்பது கடைப் பழக்கம்; நாமே சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

மறுநாளே இரும்புப் பட்டறையில் சொல்லி ஐந்தடி நீளத்தில் ஒரு சாய்தளத் தகடு செய்து, சாக்கடையின் மேல் போட்டோம். 14 அங்குல உயரத்துக்கு ஐந்தடி என்பது சாய்தளம் அல்ல, சறுக்குமரம். ஏற இரண்டு ஆள் தள்ள வேண்டும். இறங்கும்போது ஒருமுறை பையன் கைநழுவ விட்டதில் நாற்காலி நேரே போய் எதிர்ச்சாரி டீக்கடைப் பெஞ்சில் முட்டி நின்றது. டீக்கடைக்காரர் அசராமல், "அண்ணாச்சிக்கு ஒரு டீ" என்றார். இரண்டு மாதத்தில் ஆக்கிரமிப்பு அகற்ற வந்தவர்கள் தகட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று வாதாடினோம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனத்தைச் சொன்னது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொன்றைச் சொல்கிறது, தனியார் நிறுவனங்களையும் சேர்த்துக்கொள்கிறது, மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தகட்டின் மேல் பாதி இடத்தில் தம்பி எண்ணெய் டின்களை அடுக்கி வைத்திருந்தானே! வந்த அதிகாரி டின்களைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நாமும் வாயை மூடிக்கொண்டோம்.

முறையான சாய்தளம் என்றால் ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். நமக்குப் பதினான்கு அடி. தெருவில் நீட்டினால் டீக்கடைக்குள்தான் இறங்கும். எனவே கடைக்குள்ளேயே, பக்கச் சுவரை ஒட்டித் தளத்தை வெட்டி மூன்றடி அகலத்தில் போடுவதென்று நாம் சொன்னதும் தம்பி கணக்குப் போட்டான். "நாற்பத்திரண்டு சதுர அடி. ஏழு அடுக்கு, அடுக்குக்குப் பத்து மூட்டை. எழுபது மூட்டை இடம் போகுது அண்ணே." கணக்கு சரி. "எழுபது மூட்டையா, அண்ணனா, நீயே சொல்" என்று கேட்க நமக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பங்காளிகளுக்குள் அந்தக் கேள்வி வரக்கூடாது. பதில் எதுவானாலும் கடை உடையும். "உன் மகன் பேரில் பின்பக்கம் கிட்டங்கி எடுக்கிறோம், வாடகை என் பங்கில்" என்று பேசி முடித்தோம். வியாபாரம் மந்தமான ஆடி மாதத்தில் வேலை நடந்தது. கொத்தனார் கூலி, ஜல்லி, சொரசொரப்புக் கல், கைப்பிடிக் கம்பி எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய்.

திறந்த அன்று சாய்தளத்தில் முதலில் ஏறியது நாம் அல்ல. காலையில் சர்க்கரை லாரி வந்துவிட்டது. சுமை தூக்கும் ஆட்கள் யாரையும் கேட்காமல் தள்ளுவண்டியில் மும்மூன்று மூட்டையாக ஏற்றி உருட்டிக்கொண்டு போனார்கள். முதுகில் தூக்கினால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும் லோடு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தான். நாம் நம் கடைக்குள் போக மூட்டைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம்.

அதே வாரம் மேலத்தெரு ஆச்சி வந்தார். முழங்கால் வலியால் அவர் படியேறி ஒன்பது வருடம் ஆகிறது. அதுவரை பேரன்தான் சீட்டைக் கொண்டு வருவான். போட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவான். ஆச்சி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்து, உளுந்தை உள்ளங்கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்து, ஊதிப் பார்த்து, "ஏய்யா, இந்த உளுந்துக்கா இந்த வெலை போட்ட இத்தனை வருசமா?" என்று ஆரம்பித்தார். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்த பிறகுதான் இறங்கினார். இப்போது வாராவாரம் வருகிறார்.